மாற்றுத்திறனாளி இளைஞர்கள் விளையாட்டுப் பயிற்சியாளர்களாக வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மாற்றுத்திறனாளி இளைஞர் சங்கம்,
குரும்பகரம், நெடுங்காடு கொம்யூன்,
காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், காரைக்கால்.
நகல்: சமூக நலத்துறை இயக்குநர் அவர்கள், புதுச்சேரி, விளையாட்டுப் பணிகளுக்குப் பொறுப்பான இயக்குநர் அவர்கள், புதுச்சேரி.

பொருள்: மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியாளர் படிப்பு, சான்றிதழ், பணி வாய்ப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

சக்கர நாற்காலிக்காகவும் உதவித்தொகைக்காகவும் அடையாள அட்டைக்காகவும் தங்கள் அலுவலகப் படி ஏறியவர்கள்தான் நாங்கள். இந்த முறை அவற்றுக்காக வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எங்களுக்கே தாருங்கள் என்று கேட்க வந்திருக்கிறோம்.

உளுந்து பிடுங்கி முடிந்த பிறகு காய்ந்து கிடக்கும் வயல்தான் எங்கள் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே குண்டு எறியப் பழகுகிறோம். உட்கார்ந்து எறிபவருக்கு நாற்காலி இம்மியும் அசையக்கூடாது. லாரி விபத்தில் இரண்டு கால்களையும் இழந்த எங்கள் உறுப்பினர் ஒருவர், மாடு கட்டும் முளை நான்கை மண்ணில் அடித்து, இரும்பு நாற்காலியின் கால்களைத் தேங்காய்நார்க் கயிற்றால் அவற்றோடு இழுத்துக் கட்டுகிறார். மெத்தையையும் சேர்த்து இருக்கையின் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. அதைத் தையல்காரர் டேப்பால் அளந்து பார்த்துக்கொள்கிறார். பிறகு, பிறவியிலேயே கால்களில் வலுவில்லாத பையனை அதில் உட்காரவைத்து, அவன் விலாவில் கை வைத்து, "தோளாலே தள்ளாதேடா தம்பி, உடம்பைத் திருப்பிக் கொண்டு வா, குண்டு தானாப் போகும்" என்கிறார். மூன்றே வாரத்தில் அந்தப் பையனின் எறி இரண்டு முழம் கூடியது. நின்று எறிந்து பழகிய ஒருவர் அவனுடைய காலைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார். இவர் அவனுடைய முதுகைப் பார்த்தார். பலம் எங்கே இருக்கிறது என்பது அதே நிலையில் வாழ்பவருக்குத் தெரிகிறது. இந்த மனு முழுவதும் நாங்கள் சொல்ல வருவது அதுதான்.

எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை இது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம் என 29 பதக்கங்கள் வென்றது. அவற்றில், உட்கார்ந்து எறிபவர்களுக்கான ஆண்கள் கிளப் எறிதல் எஃப்51 பிரிவின் தங்கமும் வெள்ளியும் நம் நாட்டுக்கே வந்தன. முதல் நான்கு எறிகளையும் தவறவிட்ட தரம்பிர், ஐந்தாவது எறியில் 34.92 மீட்டர் போட்டு முதலிடம் பிடித்தார். பிரணவ் சூர்மா இரண்டாமிடம். தரம்பிரை இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்து வளர்த்தவர் ஹரியானாவின் அமித் சரோஹா. அவரும் சக்கர நாற்காலியில் வாழ்பவர். அதே நாளில் அதே போட்டியில் தாமும் எறிந்து கடைசி இடங்களில் நின்றார். தாம் வளர்த்த பிள்ளை தம்மைத் தாண்டிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அந்த மனிதரைத்தான் எங்கள் இளைஞர்கள் முன்னோடியாகக் கொள்கிறார்கள். சென்னையில் மாதவி லதா அவர்களும் உண்டு. சக்கர நாற்காலியில் வாழும் நீச்சல் வீராங்கனையான அவர், இந்தியாவில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக்கு ஒரு கூட்டமைப்பையே கட்டி எழுப்பினார்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் நிலைமை வேறு. பி.டி. பீரியட் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் மைதானத்துக்கு ஓடுவார்கள். ஊன்றுகோல் வைத்திருக்கும் பிள்ளை மட்டும் வகுப்பிலேயே உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கும். எங்களில் பலர் பள்ளி நாட்களை அப்படித்தான் கழித்தோம். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 16-இல், மற்றவர்களுக்குச் சமமாக விளையாடும் வாய்ப்பைப் பள்ளிகள் தருவதற்கு அரசு முயல வேண்டும் என்கிறது. பிரிவு 30, விளையாட்டுப் படிப்புகளையும் திட்டங்களையும் எங்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கும்படி அரசைப் பணிக்கிறது. ஆகவே நாங்கள் சலுகை கேட்கவில்லை. 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தையே நினைவூட்டுகிறோம்.

தடை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவர் பயிற்சியாளர் படிப்புக்காக ஒரு நிறுவனத்தை அணுகினார். முதல் கேள்வியே "ஓட்டத் தேர்வில் ஓடுவாயா?" என்பதுதான். அவர் கேட்டது, ஓடுபவருக்குக் கற்றுக்கொடுக்கும் படிப்பை. அதற்கு அவரே ஓடிக் காட்ட வேண்டுமா? விண்ணப்பத்தைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். இரவு பஸ்ஸில் ஊர் திரும்பியவர் ஒரு மாதம் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

காரைக்காலின் இருப்பிடமும் ஒரு தடை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் தமிழ்நாடு. எல்லையைத் தாண்டினால் மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்கள். ஆனால் அங்குள்ள விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் திட்டங்கள் எங்களுக்கு இல்லை. எங்களுக்கு உரிய தலைநகரமான புதுச்சேரியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துணையாள் இல்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு அந்தத் தூரம் இரட்டைச் செலவு. பயிற்சியாளர் படிப்புகள் நடக்கும் பாட்டியாலாவும் பெங்களூருவும் எங்களுக்கு எட்டாத ஊர்கள்.

எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் படிப்பு. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. புதுச்சேரி அரசு அந்நிறுவனத்துடன் பேசி, அப்படிப்பட்ட ஒரு குறுகிய காலப் படிப்பைக் காரைக்காலிலேயே, மாற்றுத்திறனாளிகளை மனத்தில் கொண்டு நடத்த வேண்டும். முடியாதென்றால், வெளியூர் சென்று படிப்பவருக்கும் உடன் செல்லும் துணையாளுக்கும் கட்டணம், பயணம், தங்குமிடச் செலவை அரசே ஏற்க வேண்டும். காது கேளாதவர் படித்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பார்வையற்றவருக்குப் பாடம் ஒலிவடிவில் வேண்டும். பாரா விளையாட்டு விதிகள் தமிழில் வேண்டும். மேலே சொன்ன எங்கள் நண்பர் அந்த 75 சென்டிமீட்டர் விதியைக் கண்டுபிடிக்கவே செல்பேசியில் ஆங்கில வீடியோக்களைப் பல இரவுகள் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அடுத்து, தேர்வு முறை. ஒருவர் நுட்பத்தை அறிந்திருக்கிறாரா, அதை இன்னொருவருக்குப் புரியவைக்கிறாரா என்பதை வைத்தே பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டமும் தாண்டலும் எங்களை வாசலிலேயே நிறுத்தும் அளவுகோல்களாக இருக்கக்கூடாது. அரசின் பயிற்சியாளர் பணியிடங்களில் சட்டப்படியான 4 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். அதுவரை, நெடுங்காடு கொம்யூன் பள்ளிகளில் பகுதிநேரப் பயிற்சியாளர்களாக எங்கள் இளைஞர்களை மதிப்பூதியத்தில் நியமிக்கலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிப் பெண்பிள்ளையைத் தூக்கி நாற்காலி மாற்றி உட்காரவைக்கவும், உடை சரிசெய்யவும் ஒரு பெண் இல்லையென்றால் எந்தத் தாயும் மைதானத்துக்கு அனுப்பமாட்டாள். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது தாய்மார்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது இது. பாரிஸில் பேட்மின்டனில் துளசிமதி வெள்ளியும், மனிஷாவும் நித்யஸ்ரீயும் வெண்கலமும் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய பெண்பிள்ளைகள் எங்கள் தெருக்களிலும் இருக்கிறார்கள். பயிற்சிக்குத் தேர்வாகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

மைதானம் குறித்து அதிகம் கேட்கவில்லை. ஒரு சாய்தளம், நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறை, முறையான எறி நாற்காலிகள் இரண்டு. பள்ளி நேரம் முடிந்த பின் அரசுப் பள்ளி மைதானத்தைப் பயன்படுத்த எழுத்துப்பூர்வமான அனுமதியும் வேண்டும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், பிந்தியாவது கடைமடையான எங்களுக்கும் தண்ணீர் வந்துவிடும். அன்றோடு எங்கள் மைதானம் மறுபடி வயலாகிவிடும். அதற்கு முன் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தாங்கள் குரும்பகரம் வந்து, முளையில் கட்டிய அந்த நாற்காலியையும் அதன் அருகில் இருக்கும் பயிற்சியாளரையும் நேரில் பார்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.
இடம்: குரும்பகரம்