நீலத் துணியும் ஆளோலையும்

“அடிமைச் சந்தை அரபியன் கண்டது! இஸ்லாம் பரவிய இடமெல்லாம் விலங்கும் பரவிற்று! நம் புண்ணிய பூமியோ அப்பாவம் அறியாதது!” என்று மேடையேறி முழங்குகின்றனர் சனாதனச் சண்டமாருதங்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரரும் திருச்சுழியின் வானம் பார்த்த பூமியை உழுவோரும் கைதட்டுகின்றனர். தோழர்களே, கைதட்டுமுன் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

முற்பாதி பெரும்பாலும் உண்மை, மறைக்க மாட்டோம். சான்சிபார்த் தீவில் மனிதன் மாடுபோல் விலை பேசப்பட்டான். தந்தம் தேடிக் காங்கோ வரை சென்ற திப்பு திப், ஆள்பிடித்து அடிமையாக்கினான். 1804இல் உஸ்மான் தான் ஃபோதியோ, முஸ்லிம்களை அடிமைப்படுத்திய மன்னரை எதிர்த்து வாளெடுத்தார். அவர் நிறுவிய சொக்கோட்டோ அரசோ இலட்சக்கணக்கான அடிமைகளின் உழைப்பில் கொழுத்தது. அடிமையை விடுவிப்பது நற்செயல் என்றது மார்க்கம். அடிமை முறையையே ஒழி என்று ஆணையிடவில்லை. இதைச் சொல்ல நமக்கென்ன அச்சம்?

ஆனால், சான்சிபாரின் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டவர் யார்? கட்ச் நாட்டு ஜெய்ராம் சிவ்ஜியின் வணிக நிலையத்தார்! எறும்புக்கும் இரங்கும் வைணவப் பாட்டியாக்கள்! 1873இல் ஆங்கிலேயர் மிரட்டலுக்குப் பணிந்து சுல்தான் பர்காஷ் அச்சந்தையை மூடும் வரை, எந்தப் புண்ணிய பூமியும் அங்கே வாய் திறக்கவில்லை.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு வாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் நாணயம் போல் உலவியது எது தெரியுமா? புதுவையிலிருந்து கப்பலேறிய நீலத் துணி! வேலமரத்தைக் கீறிப் பிசின் எடுத்தவன் கறுப்பு அடிமை. பிசினுக்கு உடையவர் பாலைவனத்து மார்க்க அறிஞர் குடிகள். அவர்கள் விலையாக வாங்கியது நம்மவர் நெய்து அவுரியில் தோய்த்த துணி. பிசின் போய்ச் சேர்ந்தது ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு. நெசவாளியைக் குற்றஞ் சாட்டவில்லை. கூலிக்கு நெய்தவன் அவன். துணி எங்கே போகிறது என்று அவனிடம் யார் சொன்னார்? இலாபத்துக்கு மட்டும் மதமில்லை என்கிறேன்.

வெளிநாடு கிடக்கட்டும். திருச்சுழிக்கே வருவோம். சுந்தரர் பாடிய தலமல்லவா அது! அந்தச் சுந்தரரைச் சிவன் தடுத்தாட்கொண்டது எதைக் காட்டி? ஆளோலையைக் காட்டி! “உன் பாட்டன் எழுதிக் கொடுத்தான், நீ என் அடிமை” என்று கிழவேடத்தில் வந்து வழக்காடுகிறார் கடவுள். பெரியபுராணத்தில் சுந்தரர் நகைப்பது எதற்காக? அந்தணன் மற்றோர் அந்தணனுக்கு அடிமையாவதுண்டா என்பதற்காக! மனிதன் மனிதனுக்கு அடிமையாகலாமா என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. மனுவோ ஏழுவகை அடிமைகளை எண்ணியே வைத்திருக்கிறார்.

1843இன் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது; அவ்வளவே. ஓலை போயிற்று, கடன் வந்தது. பஞ்சத்துக்கு அஞ்சி, கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்த நம் சீமை மக்கள், கடனெழுதிய ‘துண்டு’ச் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டனர். 1921 வரை அந்தத் துண்டு வாழ்ந்தது. கொத்தடிமையை ஒழிக்க 1976இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது!

முஸ்லிமாகப் பிறந்தவனை அடிமையாக்கலாகாது என்று ஏட்டிலாவது எழுதினர் அங்கே, அதையும் மீறினர். இங்கோ, அதே சாமியைக் கும்பிட்டவனையே பண்ணையில் பூட்டி, கோயிலுக்கு வெளியே நிறுத்தினர். 1981இல் நெல்லைச் சீமை மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தாழ்த்தப்பட்டோர் இஸ்லாத்தைத் தழுவியபோது, எந்தச் சுல்தானின் வாள் அவர்கள் கழுத்தில் இருந்தது? மேடை முழக்கக்காரர் விடை சொல்லட்டும்!