எய்தவனும் அம்பும்: ஓர் இராணுவ போலீஸ் பள்ளியும் அபு கிரைப் சிறையும்

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் ரோலா என்ற சிறிய ஊரில்தான் நான் முதுநிலைப் பொறியியல் படித்தேன். செயின்ட் லூயிஸிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். ரோலாவைத் தாண்டி இன்னும் முப்பது மைல் போனால் ஃபோர்ட் லெனர்ட் வுட் என்கிற பெரிய இராணுவ முகாம் வரும். சனிக்கிழமைகளில் வால்மார்ட்டில் மளிகை வாங்கப் போனால், தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக வந்து நிற்பார்கள். பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயது. கடை ஊழியரிடம் பேசும்போதுகூட விறைப்பாக நின்று 'மேடம்' என்பார்கள். அவர்களில் சிலர் இராணுவ போலீஸ் பயிற்சிக்கு வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கத் தரைப்படையின் இராணுவ போலீஸ் பள்ளி 1999ல் அலபாமாவின் ஃபோர்ட் மக்கிளெலனிலிருந்து இங்கே மாற்றப்பட்டது.

அந்தப் பையன்களின் முகங்கள் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது 2024 நவம்பர் 12ஆம் தேதி. அபு கிரைப் சிறையில் சித்திரவதைக்கு ஆளான மூன்று ஈராக்கியர்களுக்கு, அங்கே விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற ஒப்பந்த நிறுவனம் மொத்தம் 4 கோடியே 20 லட்சம் டாலர் தரவேண்டும் என்று வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகர ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். வழக்கு போட்டது 2008ல். கொடுமை நடந்தது 2003ல். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. இருந்தாலும், அந்தச் சிறையின் பெயரால் ஓர் ஒப்பந்த நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி ஜூரிகள் சொன்ன முதல் தீர்ப்பு இதுதான். இருபத்தொரு வருடம் கழித்து!

அந்தப் புகைப்படங்கள் 2004 ஏப்ரல் இறுதியில் தொலைக்காட்சியில் வந்தபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். 'இவர்களெல்லாம் மனிதர்களா?' என்றுதான் அன்று எல்லோரும் கேட்டோம். இன்று யோசித்தால், அந்தக் கேள்வி நம்மைத் தவறான திசையில் கொண்டுபோகிறது என்றே தோன்றுகிறது. அவர்களை அங்கே நிறுத்தியவர்கள் யார், என்ன சொல்லி நிறுத்தினார்கள், யார் மேற்பார்த்தார்கள் என்பவை அதைவிடப் பயனுள்ள கேள்விகள்.

முதலில் இந்தப் பள்ளி என்ன சொல்லித் தருகிறது என்று பார்ப்போம். அமெரிக்க இராணுவ போலீஸ் ஒரு தனிப் படைப்பிரிவாக நிரந்தரமாக உருவானது 1941 செப்டம்பரில். அதற்கான பள்ளியும் அதே ஆண்டு இறுதியில் தொடங்கியது. இவர்களுக்குப் பலவகை வேலை உண்டு. போர்க்களத்தில் சாலைகளையும் வாகன அணிகளையும் காப்பது. முகாம்களில் சட்டம் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வது. பிடிபட்டவர்களைக் காவலில் வைத்துப் பராமரிப்பது. புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் ஒரே தொடராகச் சுமார் 20 வாரம் நடக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி முதல் இரண்டு வேலைகளுக்கானது. சிறைக் காவல் என்பது தனிப்படிப்பு, அதற்கென்று தனிப்பிரிவே உண்டு. சாலையில் ரோந்து போகிற போலீஸ்காரரும் மத்திய சிறையின் வார்டரும் ஒன்றல்ல என்பது நமக்கே தெரியும். இராணுவத்திலும் அப்படித்தான்.

2003ல் ஈராக்கில் சிறைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 800ஆவது இராணுவ போலீஸ் பிரிகேடுக்குக் கிடைத்தது. இது ரிசர்வ் படை. அதாவது மற்ற நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, அழைப்பு வந்தால் சீருடை போடுகிறவர்கள். போர் முடிந்ததும் அந்த மே மாதமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தவர்களிடம், ஈராக்கின் சிறைச்சாலைகளை நடத்தும்படி சொல்லப்பட்டது. அபு கிரைபில் பின்னால் பெயர் கெட்ட 372ஆவது கம்பெனி மேரிலாண்ட் மாநிலத்திலிருந்து வந்தது. சிறைக் காவலில் தனிப்பயிற்சி பெற்ற கம்பெனி அல்ல. பின்னர் ஷ்லெசிங்கர் தலைமையிலான குழு கணக்குப் பார்த்தபோது, ஒரு கட்டத்தில் சுமார் 7000 கைதிகளுக்கு 90 காவலர்களே இருந்தது தெரிந்தது. குவாண்டானமோவிலோ ஏறக்குறைய ஒரு கைதிக்கு ஒரு காவலர்.

மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபா 2004ல் கொடுத்த அறிக்கைதான் இந்த விஷயத்தில் அடிப்படை ஆவணம். குற்றங்களைப் பட்டியலிட்டதோடு அவர் நிற்கவில்லை. வீரர்கள் புறப்படும் முன்பும், போன பின்பும் சிறைக் காவலுக்கான பயிற்சி பெறவில்லை. ஜெனீவா ஒப்பந்தத்தின் பிரதி, கைதிகளின் மொழியிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, சிறைகளில் ஒட்டப்படவில்லை என்றெல்லாம் எழுதினார். இவற்றுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பது பிரிகேடின் தலைமைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், இராணுவ போலீஸ் பள்ளியின் தலைவரிடமோ, ஜெர்மனியின் மன்ஹைமில் இருந்த இராணுவச் சிறையிடமோ, கான்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறையிடமோ தனிப்பயிற்சி கேட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். பள்ளி இருந்தது. பாடம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்டதற்குத்தான் ஆதாரம் இல்லை. 'பயிற்சிக் குறைபாடு' என்று நாம் சொல்லும்போது ஏதோ பாடத்திட்டத்தில் ஓட்டை இருந்ததுபோல் ஒரு தோற்றம் வருகிறது. உண்மையில் அது தலைமையின் குறைபாடு. தன் ஆட்களுக்கு என்ன தெரியாது என்று அறிந்து, தெரிந்தவரிடம் போய்க் கேட்பது கீழே நிற்கும் சிப்பாயின் வேலை அல்ல.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 2003 மே மாதம் தெற்கு ஈராக்கின் பக்கா முகாமில், இதே பிரிகேடின் 320ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள் கைதிகளை அடித்த சம்பவம் பதிவாகி வழக்காகவும் ஆனது. அதற்குப் பிறகாவது எல்லோரையும் உட்காரவைத்து விதிகளை நினைவூட்டினார்களா என்றால், அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை என்கிறார் டகுபா. அபு கிரைபைக் காத்ததும் அதே பட்டாலியன்தான்.

அடுத்தது, யார் பேச்சைக் கேட்பது என்ற குழப்பம். 2003 ஆகஸ்ட் இறுதியில் குவாண்டானமோவின் தளபதி ஜெஃப்ரி மில்லர் ஈராக்குக்கு வந்தார். விசாரணை பலன் தருவதற்கான சூழ்நிலையை உருவாக்குவதில் காவலர்களும் பங்கெடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். நவம்பர் தொடக்கத்தில் இராணுவ போலீஸின் உச்ச அதிகாரி டொனால்ட் ரைடர் நேர்மாறாக எழுதினார்: காவல் வேறு, விசாரணை வேறு, இரண்டையும் கலக்கக்கூடாது. தரைப்படையின் விதிமுறையும் அதையே சொல்கிறது. ஆனால் நவம்பர் 19ஆம் தேதி வந்த ஆணை, சிறையையே உளவுப் பிரிவான 205ஆவது பிரிகேடின் கட்டுப்பாட்டில் வைத்தது. காவலர்களுக்கு இரண்டு எஜமானர்கள். குவாண்டானமோவுக்கென்று அனுமதிக்கப்பட்ட விசாரணை முறைகள், ஜெனீவா ஒப்பந்தம் செல்லுபடியாகும் ஈராக்குக்கு இடம் பெயர்ந்தன. ஒப்பந்த ஊழியர்களோ இராணுவக் கட்டளைச் சங்கிலியிலேயே இல்லாதவர்கள்.

இங்கே வாசகர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். நிர்வாணமாக்கி மனிதர்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது தப்பு என்று தெரிந்துகொள்ள இருபது வாரப் பயிற்சி வேண்டுமா? வேண்டாம்தான். மேலும், குற்றவாளிகளில் முக்கியமான சார்லஸ் கிரேனரும் ஐவன் ஃபிரெடரிக்கும் ஊரில் சிறைக் காவலர்களாக வேலை பார்த்தவர்கள். அந்த அனுபவம் இருந்ததாலேயே அவர்களை நம்பி இரவுப் பணியை விட்டார்கள். எனவே 'பயிற்சி இல்லை, பாவம்' என்ற வாதம் பாதியிலேயே உடைந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவன் என்று நம்பி மேற்பார்வையை விட்டுவிட்டால், அந்த அனுபவம் எதற்குப் பயன்படும் என்பதற்கு இது உதாரணம்.

ஆனால் பயிற்சிக்கு வேறொரு பயன் உண்டு. நல்லது கெட்டதைச் சொல்லித்தருவதைவிட, 'முடியாது' என்று சொல்ல ஒரு கீழ்நிலை வீரனுக்குக் காலூன்ற இடம் தருவதே அதன் பெரிய வேலை என்று நினைக்கிறேன். கடற்படையில் நாய்களைக் கையாளும் வில்லியம் கிம்ப்ரோ என்பவரை டகுபாவின் அறிக்கை பாராட்டுகிறது. முறைகேடான விசாரணையில் கலந்துகொள்ளும்படி உளவுப் பிரிவினர் கொடுத்த கடும் அழுத்தத்துக்கு அவர் இணங்கவில்லை. காரணமாக அறிக்கை சொல்வது, அவருக்குத் தன் கடமை என்னவென்று தெரிந்திருந்தது என்பதே. 229ஆவது கம்பெனியின் லெப்டினன்ட் டேவிட் சட்டன் ஒரு கொடுமையைக் கண்டதும் அங்கேயே நிறுத்தி மேலிடத்துக்குத் தெரிவித்தார். இவர்களும் அதே போரில், அதே வெயிலில், அதே பயத்தில் இருந்தவர்கள்தான்.

மூன்றாமவர் ஜோசப் டார்பி. அதே 372ஆவது கம்பெனி. 2004 ஜனவரியில் படங்கள் அடங்கிய குறுந்தகட்டை இராணுவக் குற்றப் புலனாய்வுத் துறையிடம் கொடுத்தவர் இவர். பெயர் வெளியே வராது என்று நம்பியிருந்தார். மே மாதம் பாதுகாப்புத் துறைச் செயலாளர் ரம்ஸ்ஃபெல்ட் செனட் விசாரணையில், தொலைக்காட்சி நேரலையில், பெயரைச் சொல்லிப் பாராட்டிவிட்டார். ஈராக்கில் சாப்பாட்டுக் கூடத்தில் சக வீரர்களோடு உட்கார்ந்து அதைப் பார்க்க நேர்ந்தது டார்பிக்கு. சொந்த ஊர் அவரைத் துரோகி என்றது. அவர் திரும்பி அங்கே வாழப் போகவில்லை. உண்மையைச் சொல்கிறவனைக் காப்பதும் தலைமையின் வேலை, அதுவும் நடக்கவில்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நள்ளிரவில் சர்வர் விழுந்து பல லட்சம் டாலர் போனால், மறுநாள் கூடி 'யார் அந்தப் பட்டனை அழுத்தியது' என்று முதலில் கேட்கமாட்டோம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பையன் அழுத்தியிருப்பான். அவன் கையில் அந்த அனுமதி எப்படி வந்தது, எச்சரிக்கை ஒலித்தபோது யார் பார்த்தார்கள், கையேடு இருந்ததா என்றுதான் கேட்போம். மனித உடலுக்கு நேர்ந்த வதையை சர்வரோடு ஒப்பிடுவது சரியல்ல என்பது தெரியும். அங்கே பட்டனை அழுத்தியவன் குற்றவாளியே, தண்டிக்கப்படவேண்டியவனே. ஆனால் அவனோடு விசாரணை முடிந்துவிட்டால், அடுத்த ஆள் அதே பட்டனுக்கு முன்னால் உட்காருவான்.

முடிந்துதான் போனது. பதினோரு வீரர்களுக்கு இராணுவ நீதிமன்றங்களில் தண்டனை கிடைத்தது. கிரேனருக்குப் பத்து ஆண்டுகள், ஃபிரெடரிக்குக்கு எட்டு ஆண்டுகள். அந்தப் பதினோரு பேரில் உயர்ந்த பதவி ஸ்டாஃப் சார்ஜென்ட். அதற்கு மேல்? பிரிகேடின் தலைவி ஜானிஸ் கார்பின்ஸ்கி 2005ல் பிரிகேடியர் ஜெனரலிலிருந்து கர்னலாக இறக்கப்பட்டார். தன்னைப் பலிகடா ஆக்கினார்கள் என்பது அவர் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் இல்லாமலில்லை, ஏனெனில் அவருக்கு மேலே ஈராக்கில் தலைமைத் தளபதியாக இருந்த ரிக்கார்டோ சான்செஸ்மீது தவறில்லை என்று அதே ஆண்டு இராணுவமே முடிவுசெய்தது. உளவுப் பிரிகேடின் கர்னல் பாப்பாஸுக்குக் கண்டனமும் 8000 டாலர் அபராதமும். நீதிமன்றம் வரை போன ஒரே அதிகாரி ஸ்டீவன் ஜோர்டன். கைதிக் கொடுமை தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார், மிஞ்சியிருந்த ஒரு சிறு குற்றமும் 2008ல் ரத்தானது. 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்பார்கள் நம் ஊரில். இங்கே அம்புகளுக்கு மட்டும் கணக்கு வைத்தார்கள்.

எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது பொய். 2005 டிசம்பரில் கைதிகளை நடத்தும் முறைபற்றிய சட்டம் வந்தது. 2006ல் விசாரணைக்கான புதிய இராணுவக் கையேடு, காவலர்கள் விசாரணையில் பங்கெடுக்கக்கூடாது என்று தெளிவாக எழுதியது. மிசூரிப் பள்ளியில் கைதிக் காவலுக்கான பயிற்சி முன்பைவிடக் கனமானது.

ஆனால் ஏட்டில் எழுதியது எழுதியபடி நிலைத்திருக்குமா? 2025 ஜனவரியில், குடியேறிகளை வைக்க குவாண்டானமோவில் 30,000 பேர்வரை இடம் தயார்செய்யும்படி அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் தேசியக் காவல்படையும் மரைன்களும் இறக்கப்பட்டார்கள். செப்டம்பர் 30ஆம் தேதி குவாண்டிகோவில் ஜெனரல்களையெல்லாம் கூட்டிப் பேசிய பாதுகாப்புத் துறைத் தலைவர் ஹெக்செத், வீரர்களின் கையைக் கட்டும் போர் விதிகள் இனி இருக்காது என்றார். இவை அபு கிரைப் அல்ல. அப்படிச் சொல்வது மிகை. ஆனால் ஒன்றுக்குப் பயிற்சி பெற்றவர்களை வேறொன்றுக்கு அனுப்புவதும், விதி என்பது தடை என்று மேலிருந்து சொல்வதும் புதிய விஷயங்கள் அல்ல. 2003லும் கதை இப்படித்தான் தொடங்கியது.

ஒரு பள்ளியால் செய்ய முடிவது இவ்வளவுதான்: இது உன் கடமை, இது உன் எல்லை, இந்த ஆணைக்கு நீ பணியவேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பலாம். அதை நினைவில் வைத்திருக்கும்படியான இடத்தில் அவனை நிறுத்துவது தலைமையின் கையில் இருக்கிறது.

ரோலா வால்மார்ட்டில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பையன், நான் ஒரு பாக்கெட் பாலோடு நிற்பதைப் பார்த்து வழிவிட்டான். 'நீங்கள் முதலில் போங்கள், சார்' என்றான். நல்ல பையன். கிம்ப்ரோவாகவும் ஆகியிருக்கலாம், கிரேனராகவும் ஆகியிருக்கலாம். அந்த முடிவை அவன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்தும் நாடு, அவனுக்கு இழைப்பது பெரிய அநியாயம். அவன் காவலில் அகப்படப்போகும் முகம் தெரியாத மனிதனுக்கு இழைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.