கொடிக்கு ஒரு கடல், மற்றவர்க்கு ஒரு கடல்

கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்ததைப் பற்றிய பெருமிதம் இன்னும் நம்மிடையே அடங்கவில்லை. 2020 அக்டோபரில் இந்தியாவின் எட்டுக் கடற்கரைகளுக்கு அச்சான்று வழங்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் அவ்வரிசையில் சேர்ந்தன. கோபன்ஹேகனில் தலைமையகம் கொண்ட ஓர் அமைப்பு, 33 அளவுகோல்களை வைத்து அளந்து பார்த்துத் தந்த சான்று. பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் கொடியைக் காட்டி, 'செங்கல்பட்டு மாவட்டத்தின் கடல் தூய்மையானது' என்று பேசுகிறவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கு உண்டு.

நீலக்கொடி நீரைப் பற்றிச் சொல்வதென்ன? பருவகாலத்தில் குறைந்தது ஐந்து முறை நீர்மாதிரி எடுக்கவேண்டும். இரண்டு மாதிரிகளுக்கிடையே 31 நாள்களுக்கு மேல் இடைவெளி கூடாது. 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை நுண்ணுயிர் 250-ஐயும், குடல்வாழ் என்டெரோகாக்கஸ் 100-ஐயும் தாண்டக்கூடாது. முடிவுகளைக் கடற்கரையிலேயே மக்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். நல்ல விதிகள்தாம். கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். குளிக்கவந்தவனுக்கு அவன் இறங்கப்போகும் நீரின் கணக்கைச் சொல்லிவிடுகிற விதி அது. ஆனால் இவையெல்லாம் கொடி நடப்பட்ட மணற்பரப்புக்கு மட்டும். அந்த எல்லையைத் தாண்டித் தெற்கே வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், தேவனேரி, மாமல்லபுரம் என்று சுமார் 20 கிலோமீட்டருக்கு அதே கடல்தான் கிடக்கிறது. அங்கே இறங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கை யார் சொல்கிறார்கள்?

மாமல்லபுரத்துக் கடற்கோயிலை ஒட்டிய மணலில் மாணவர்களோடு பலமுறை நடந்திருக்கிறேன். கடலில் இறங்காதீர்கள், இங்கே குளிப்பது ஆபத்து என்னும் எச்சரிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். நீரின் தரத்தைச் சொல்லும் ஒரு பலகையை இதுவரை பார்த்ததில்லை. நம் கரையில் உயிர்கள் ஆண்டுதோறும் போகின்றன, ஆகவே எச்சரிக்கை வேண்டியதே. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு இன்னொரு பயனும் இருப்பதைக் கவனிக்கவேண்டும். 'குளிக்கக்கூடாது' என்று எழுதிவிட்ட இடத்தில், குளிப்பவர் என்று சட்டப்படி யாரும் இல்லை. இல்லாத ஒருவருக்காக நீரைச் சோதிப்பானேன்? கோவளத்தில் கடலில் இறங்குகிறவர் சுற்றுலாப் பயணி. மாமல்லபுரத்தில் இறங்குகிறவர் விதி மீறுபவர். பலகைக்கு எதிரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கான பேர் அலையில் நிற்பது எல்லோரும் அறிந்த உண்மை. அரசின் ஏடுகளில் மட்டும் அவர்கள் இல்லை.

நமக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். கடலோர நீரை வகை பிரித்து, குளிப்பதற்கும் நீர்விளையாட்டுக்கும் உரியதை 'எஸ்.டபிள்யூ.-2' என்று குறித்து, அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வகுத்திருக்கிறது. 100 மில்லி லிட்டரில் மலக் கோலிஃபார்ம் 100. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3-ஐத் தாண்டக்கூடாது. ஆறு குளங்களில் குளிப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்படும் உச்ச அளவு 2500 என்பதை நினைத்தால், கடலுக்கு நம்மவர் வகுத்தது கடுமையான அளவு. மழைமாதங்களைப் பற்றித் தனியே ஒரு குறிப்பும் அதிலே உண்டு. எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆய்வும் நடக்காமல் இல்லை. பள்ளிக்கரணையிலிருந்து இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கடல்நீர்க் கண்காணிப்புத் திட்டம் 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருவது. குறை அறிவில் இல்லை. அந்த அறிவு அறிக்கையாகி அலமாரிக்குப் போகிறது, கரைக்கு வருவதில்லை. ஓர் ஆண்டின் சராசரியை வைத்துக்கொண்டு, இன்று காலை குழந்தையோடு நீரில் இறங்கும் தாய் என்ன செய்வாள்?

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வடிநீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, அங்கிருந்து தெற்கே வந்து முட்டுக்காட்டு உப்பங்கழியில் சேர்ந்து, கோவளத்துக்குச் சற்று வடக்கே முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. அந்தக் கால்வாயில் மழைநீர் மட்டுமா வருகிறது? கூவம், அடையாறு, பக்கிங்காம் மூன்றின் சீர்கேட்டுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் தமிழக அரசுக்கு 100 கோடி ரூபாய் விதித்து ஆணையிட்டது. சென்னையின் தென்புறம் கழித்ததில் ஒரு பங்கு அந்த முகத்துவாரத்துக்கு வந்துசேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். அப்போது கோவளத்துக்குக் கவலை குறைவு. வடகிழக்குப் பருவமழையில் அது திசை மாறித் தெற்கே திரும்புகிறது. அதாவது, பெருமழை கால்வாயைக் கழுவிக் கடலுக்குள் தள்ளும் அதே மாதங்களில், நீரோட்டம் அதைக் கோவளத்தின் பக்கமும் மாமல்லபுரத்தின் பக்கமும் கொண்டுவருகிறது. குளிக்கும் பருவம் என்பது ஐரோப்பியனுக்குக் கோடை. நமக்கோ மழை ஓய்ந்து சில வாரங்களில் காணும் பொங்கல்! ஆகவே எத்தனை மாதிரி என்பதைவிட எந்த நாளில் எடுத்த மாதிரி என்பதே இங்கே முதற்கேள்வி.

நுண்ணுயிரை வளர்த்து எண்ணும் வழக்கமான சோதனைக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். எனவே எந்தப் பலகையும் நேற்றைய நீரைத்தான் சொல்லும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மை. 2024 ஒலிம்பிக்கில் பாரிஸ் நகரமே இதில் திண்டாடியது. மழைக்குப்பின் செய்ன் ஆற்றில் நுண்ணுயிர் பெருகி ஆடவர் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது. ஆனால் அவர்கள் அளந்தார்கள், சொன்னார்கள், உலகம் சிரித்தபோதும் சொன்னார்கள். மறு ஆண்டே அந்த ஆற்றில் பொதுமக்கள் நீந்த இடம் திறந்தார்கள். நம் நாட்டில் 2025 மகா கும்பமேளாவின்போது பிரயாக்ராஜ் நீரில் கோலிஃபார்ம் அளவுக்கு மிஞ்சியிருப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தீர்ப்பாயத்தில் சொன்னபோது, அந்த மாநில முதல்வர் சட்டமன்றத்திலேயே அதை மறுத்தார். எண்ணோடு சண்டை போடுவது நமக்கு எளிதாயிருக்கிறது.

'கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும்' என்பார்கள். கரைக்கும், நடுக்கடலில். நாம் குளிப்பது இடுப்பளவு நீரில், முகத்துவாரத்தின் அருகில். உப்பு எல்லாக் கிருமியையும் கொல்லும் என்பதும் பாதி உண்மையே. கடல்நீருக்கு என்டெரோகாக்கஸை எண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு ஒரு காரணம், அது ஈ.கோலையைவிட உப்பில் நெடுநேரம் தாங்குவதுதான். எண்ணை வெளியிட்டால் கடை வியாபாரமும் மீன் வியாபாரமும் கெடும் என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். அந்த அச்சம் மெய். ஆனால் கழிவை விட்டவர் கால்வாயின் மேற்பகுதியில் இருக்க, மௌனத்தின் விலையை மீனவர் குப்பம் ஏன் தரவேண்டும்? அவர் பிள்ளைகள் நாள்தோறும் விளையாடுவதும் அந்த நீரில்தான். எண் இல்லாதவரை அவர் யாரிடமும் வழக்காட முடியாது.

இலக்கியக்காரர்களாகிய நம்மிடமும் ஒரு சொல். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே கடலாடு காதை என்று பெயர். அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நெய்தல் திணை பற்றிக் கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. இரங்கல், கானல், கழி, புன்னை என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கழி என்றால் முட்டுக்காடும்தான் என்பது மட்டும் எந்தக் கட்டுரையிலும் என் கண்ணில் பட்டதில்லை. கருப்பொருள் பட்டியலில் நீரும் உண்டு ஐயா.

ஒவ்வோர் ஆண்டும் மாசிமகத்துக்கு இருளர் குடும்பங்கள் பல மாவட்டங்களிலிருந்து மாமல்லபுரம் மணலுக்கு வந்து தங்குகின்றன. விடியலில் கடலில் நீராடி, மணலில் கன்னியம்மனை எழுப்பிக் கும்பிடுகிறார்கள். திருமணங்களும் அங்கேயே நடக்கின்றன. தலசயனப் பெருமாளின் தீர்த்தவாரியும் அக்கடலில்தான். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததும் அதே ஊர்க் கடலில். போட்டிக்கு வந்தவர்களுக்கு ஒரு கணக்கு உண்டென்றால், மகத்துக்கு வருகிறவர்களுக்கும் அது உரியது. மாசிமகம் என்றைக்கு என்பது முந்தைய ஆண்டே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகிறது. மூன்று நாள் முன்னதாகக் கடற்கோயிலுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு இடங்களில் நீர் எடுக்கலாம். கிடைத்த எண்ணையும், எடுத்த தேதியையும், சட்டம் சொல்லும் அளவையும், மூன்றையும் தமிழில் எழுதி, 'குளிக்காதீர்' பலகைக்குப் பக்கத்திலேயே நட்டுவைக்கலாம்.