நுண்ணிழைக் கட்டு

சுந்தரர் பிறந்த திருநாவலூரைச் சூழ்ந்த வயல்களில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. கரும்பு வெட்டும் உழவர்க்குக் காலில் அரிவாள் படுவதும், சோகை கிழிப்பதும் புதியன அல்ல. உடல்நலம் உடையார்க்கு அப்புண் சில நாளில் ஆறிவிடும். நீரிழிவு உடையார்க்கோ காலில் உணர்வு குன்றும், குருதியோட்டமும் குறையும். ஆதலின் சிறு புண்ணும் ஆறாது அழுகி, காலையே இழக்க நேர்வதும் உண்டு.

புண்ணை மூடிக் காத்தல் தமிழர்க்குப் பழைய வழக்கமே. போரில் புண்பட்ட மறவர்க்குப் பஞ்சு இட்டதைப் புறநானூறு கூறுகிறது. ஆயினும் பஞ்சிலும் துணியிலும் ஒரு குறை உண்டு. அவை உலர்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்பொழுது புதிதாய் வளர்ந்த தசையும் உடன் பெயர்ந்து வரும்.

இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்றே நுண்ணிழைக் கட்டு. இழையாகத்தக்க பொருளைக் கரைத்து, ஊசிமுனை வழியே மெல்லச் செலுத்தி, உயர்ந்த மின்னழுத்தம் ஊட்டுவர். கரைசல் இழையாய் நீண்டு, காற்றில் உலர்ந்து, எதிரேயுள்ள தகட்டில் சிலந்தி வலைபோலப் படியும். அவ்விழை தலைமயிரினும் நூறு மடங்கு மெல்லியது. அவ்வலை காற்றை உட்புக விடும். கிருமிகளை எளிதில் புகவிடாது. இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான், வெள்ளித் துகள், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்றவற்றை இழையிலேயே சேர்த்தால், அவை சிறிது சிறிதாக வெளிப்பட்டுக் கிருமிகளை அடக்கும்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. அதற்கு 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியது. 1997-இல் அவ்வுரிமை தள்ளப்பட்டது. பலர்க்கும் பொதுவான அறிவு ஒருவர் உடைமை ஆகாது என்பது அதனால் விளங்கிற்று.

அறிவு பொதுவாயின் அதன் பயனும் பொதுவாதல் வேண்டும் அன்றோ? நுண்ணிழைக் கட்டுகளுட் பல இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளன. அவை வெளிவரும் நாளில் பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடின் பயன் என்ன? சிற்றூரின் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அவை எளிதிற் கிடைத்தல் வேண்டும்.

கட்டு ஒன்றே நோயைத் தீர்த்துவிடாது. நாள்தோறும் காலைப் பார்த்தலும், புண்ணைத் தூய நீரால் கழுவுதலும், செருப்பணிதலும், மருத்துவரை நாடுதலும் இன்றியமையாதன. எனினும், மயிரினும் மெல்லிய இழை ஓர் உழவரின் காலைக் காக்குமாயின், அதுவே அவ்வறிவுக்குப் பெருமை. ஆய்வின் உயர்வை இழையின் நுண்மை கொண்டு அளத்தல் போதாது. அஃது எத்துணை எளியவரைச் சென்று சேர்ந்தது என்பது கொண்டே அளத்தல் வேண்டும்.