கடைமடை வயலின் குரலும் கேட்க வேண்டும்

மண்ணின் ஈரத்தை அளந்து, கம்பியின்றி ரேடியோ அலை மூலம் செய்தி அனுப்பும் கருவிகள் இன்று வயல்களுக்கு வந்துவிட்டன. நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் நல்ல சாதனம்தான். ஆனால், ஊர் கூடி இவற்றை வாங்கும் விவசாயிகள், கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. பல கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால், செய்தி வாங்கும் பெட்டி அவற்றைப் பிரித்தறியுமா என்றும் கேட்க வேண்டும்.

இது புதிய சிக்கல் அல்ல. 1971ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த கம்ப்யூட்டர் நிலையங்களை ரேடியோவால் இணைத்தனர். நினைத்த நேரத்தில் அனுப்பும் அந்த முறையில், செய்திகள் மோதிக்கொள்வதால், மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதமே பயன்படும். நேரத்தைக் கூறு போட்டு, கூறின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பினால் 37 சதவீதம் வரை பயன்படும்.

மோதலில் முதலில் நஷ்டப்படுவது தொலைவில் உள்ள வயல்தான். பெட்டிக்கு அருகில் உள்ள கருவியின் அலை வலுவானது. தூரத்து அலை அதில் அமுங்கிப் போகும். வாய்க்கால் நீரைத் தலைமடை எடுத்துக்கொள்ள, கடைமடை காய்கிற கதையேதான்! செய்தி வராத வயலுக்குத் தண்ணீரும் வராது.

இதற்கு வழி உண்டு. வலுவான செய்தியை முதலில் படித்து, வந்த அலையிலிருந்து அதைக் கழித்துவிட்டால், மெலிந்த செய்தி தெளிவாகும். இப்படி ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். எல்லாவற்றையும் ஒருசேர ஆராய்ந்து பிழையை மிகக் குறைக்கும் முறையை 1986ல் செர்ஜியோ வெர்டு விளக்கினார். ஆனால், 20 கருவிகள் என்றால் ஒப்பிட வேண்டிய சேர்க்கைகள் பத்து லட்சத்துக்கும் மேல். வயலோரப் பெட்டிக்கு அது பெரும் சுமை. கழித்துப் படிக்கும் முறை சிக்கனமானது. எனினும் முதல் செய்தியைத் தவறாகப் படித்தால் அடுத்ததும் கெடும்.

ஆகவே, தண்ணீருக்கு முறை வைப்பது போல் கருவிகளுக்கும் முறை வையுங்கள். மண் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. அரை மணிக்கு ஒரு செய்தி போதும். பாட்டரியும் நீடிக்கும். பணம் கொடுக்கும் முன், எல்லாக் கருவிகளையும் ஒரே நேரத்தில் இயக்கி, கடைசி வயலின் செய்தி வருகிறதா என்று பாருங்கள். வளர்ந்த கரும்பு ரேடியோ அலையைத் தடுக்கும். எனவே வெற்று நிலத்தில் செய்து காட்டும் சோதனையை நம்ப வேண்டாம். கடைமடைக்காரரும் பங்குப் பணம் கொடுத்தவர்தானே!