திருப்பயண நினைவுகளைக் காப்போம்

ஆகஸ்ட் 29 ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறியது முதல் செப்டம்பர் 8 ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா வரை, கடற்கரைச் சாலைகள் எங்கும் காவியுடை அணிந்த திருப்பயணிகளைக் காண்கிறோம். முன்பெல்லாம் அவர்கள் கையில் செபமாலை இருந்தது. இன்று செபமாலையுடன் கைப்பேசியும் இருக்கிறது. கொடிமரம், தேர்பவனி, மொட்டையடித்த குழந்தை, உடன் வந்த பாட்டி என அனைத்தையும் படமெடுக்கிறோம். இதில் தவறொன்றும் இல்லை. ஆயினும், எடுத்த படங்கள் பழுதின்றி வீடு வந்து சேர வழி செய்திருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நாமும் எண்ணிப் பார்க்காதவர்களுள் ஒருவராகவே இருந்தோம்.

2018 ஆம் ஆண்டு விழா நாட்களில், எண்பது வயதைக் கடந்த எங்கள் தாயாரை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணி சென்றோம். பேராலயத்திலிருந்து மாதா குளத்திற்குச் செல்லும் மணற்பாதையில் முழந்தாளிட்டு நடக்க வேண்டும் என்று தாயார் பிடிவாதம் செய்தார்கள். பத்தடிக்கு மேல் இயலவில்லை. ஆனால் அந்தப் பத்தடியில் அவர்கள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைப் படமெடுத்து வைத்தோம். மூன்றாம் நாள் காலை, கடலில் கால் நனைத்து நின்ற அவர்களை மீண்டும் படமெடுக்கும்போது, அலை வந்து மோதிக் கைப்பேசி உப்புநீரில் விழுந்தது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தும் அது உயிர் பெறவில்லை. மூன்று நாட்களின் படங்கள் அத்தனையும் அதனுள்ளேயே போயின.

அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம் என்று சொல்லிக்கொண்டோம். 2019 ஆம் ஆண்டு தவக்காலத்தில் தாயார் ஆண்டவரில் துயில் கொண்டார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அச்சிடப் படம் தேடினோம். அந்த யாத்திரைப் படங்களுள் ஒன்றே ஒன்று கிடைத்தது. குவைத்திலிருந்த தன் பெரியப்பா பார்க்கட்டும் என்று எங்கள் மகள் இரண்டாம் நாள் இரவு வாட்ஸ்அப் வழியாக அனுப்பி வைத்த படம் அது. அச்சிடப் பெரிதாக்கியபோது முகம் மங்கலாகத் தெரிந்தது. ஆயினும் அதையே அச்சிட்டோம்.

பழைய நாட்களில் ஸ்டுடியோவில் படமெடுத்தால், படத்துடன் நெகடிவையும் காகித உறையிலிட்டுத் தருவார்கள். படம் கிழிந்தாலும் நெகடிவ் பெட்டியில் பத்திரமாக இருக்கும். வேண்டும்போது மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். இன்றோ படமும் நெகடிவும் ஒரே கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. கைப்பேசி போனால் இரண்டும் போயின. ஆகவே, நாமே முயன்று இன்னொரு நெகடிவை உண்டாக்கி, அதை வேறோர் இடத்தில் வைக்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

இத்துறையில் வல்லவர்கள் ஓர் எளிய கணக்குச் சொல்வார்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பவரால் பரவலாக அறியப்பட்ட கணக்கு அது. ஒவ்வொரு படத்திற்கும் மூன்று பிரதிகள். அவை இரண்டு வகைப் பொருட்களில் இருக்க வேண்டும். ஒரு பிரதி வேறோர் ஊரிலோ வேறோர் இடத்திலோ இருக்க வேண்டும். வெள்ளமோ தீயோ திருட்டோ நேர்ந்தாலும் ஒன்றாவது தப்பும் என்பதே இதன் பொருள்.

பயணத்தில் இதை எவ்வாறு செய்வது? புறப்படுமுன் பழைய படங்களை வீட்டுக் கணினியில் ஏற்றிவிட்டு, கைப்பேசியில் இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் நேராகச் செருகக்கூடிய பென் டிரைவ் ஒன்று வாங்குங்கள். படமொன்று மூன்று, நான்கு மெகாபைட் அளவானால், 32 ஜிகாபைட் பென் டிரைவில் பல ஆயிரம் படங்கள் அடங்கும். ஒவ்வோர் இரவும் அன்றைய படங்களை அதில் பதிந்து, கைப்பேசி வைத்திருப்பவரிடம் அன்றி வேறொருவர் பையில் வையுங்கள். இரண்டையும் ஒரே பையில் வைத்தால், பை தொலையும்போது இரண்டும் தொலையும் அன்றோ!

மூன்றாவது பிரதியை இணையச் சேமிப்பில் ஏற்றலாம். கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் வரை இலவசம்; மின்னஞ்சலும் இதே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்ளும். முன்பு ஓரளவு சுருக்கப்பட்ட படங்களுக்கு இருந்த அளவற்ற சலுகை 2021 ஜூன் முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே, புறப்படுமுன் கணக்கில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். இடம் நிரம்பிவிட்டால் அதன்பின் எடுக்கும் படங்கள் ஏறா. விடுதியில் வைஃபை இணைப்பு இருந்தால் இரவில் இதைச் செய்யலாம். இணைப்பு மெதுவாக இருந்தால், அன்றைய சிறந்த பத்துப் படங்களை மட்டும் உறவினர் ஒருவருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ என்னும் வழியில் அனுப்பினால் முழு அளவில் போய்ச் சேரும். எங்கள் தாயாரின் படம் மங்கியதன் காரணம் இதை நாங்கள் அறியாமையே.

எச்சரிக்கைகள் மூன்று உள. முதலாவது, இணையச் சேமிப்புடன் இணைந்த கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால், இணையத்திலிருந்தும் அது அழியக்கூடும். ஆகவே, பென் டிரைவிலுள்ள பிரதியைத் திறந்து பாராமல் எதையும் அழிக்க வேண்டாம். இரண்டாவது, கேமராவின் மெமரி கார்டில் படங்களைத் தவறி அழித்துவிட்டால், உடனே அதை எடுத்து வைத்துவிடுங்கள். மேலும் படமெடுக்காதவரை, அவற்றை மீட்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. மூன்றாவது, கைப்பேசி தொலைந்தால் சிம் கார்டும் தொலைகிறது. வேறொரு கருவியில் கணக்கைத் திறக்க முயன்றால், சரிபார்ப்பு எண் தொலைந்த கைப்பேசிக்கே போகும். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்போருக்குக் கூகுள் எட்டு இலக்க மாற்று எண்கள் பத்தினைத் தருகிறது. அவற்றைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்னும் ஒரு கடமை உண்டு. ஆயிரம் படங்களுள் இருபதைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் அவற்றைக் கையிலெடுத்து, ‘இவர் யார்?’ என்று கேட்பார்கள்.

அவ்வாறு பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகவே யோசுவா அன்று யோர்தானிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துவரச் செய்தார். யோசுவா நூலின் நான்காம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் இன்னொன்றும் தெரியவரும். அவர் கில்காலில் பன்னிரு கற்களை நாட்டியதோடு நிற்கவில்லை. ஆற்றின் நடுவிலும் பன்னிரு கற்களை நாட்டினார். இறைவன் செய்த நன்மையின் நினைவு ஒன்றே. அதற்கு நாட்டிய இடங்களோ இரண்டு.

அடுத்த திருப்பயணத்தில், இரவுச் செபம் முடிந்து விளக்கணைக்குமுன் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குவோம். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படையுங்கள், விருப்பத்துடன் செய்வார்கள். முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இதைச் சற்றும் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த ஆண்டு அவர்களுடன் மீண்டும் வருவோம் என்ற உறுதி நம் கையில் இல்லை.