தெய்வத்தின் மேல் பழியா?

விபத்துச் செய்தியில் “தெய்வாதீனமாக உயிர் தப்பினர்” என்று எழுதுவது தமிழ்ப் பத்திரிகை மரபு. பிழைத்தது தெய்வச் செயல்; போன உயிருக்குக் காரணம் யார் என்பது விசாரணைக்குரியது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். நஷ்டம் நேர்ந்தால்தான் அங்கே ‘ஆக்ட் ஆஃப் காட்’, அதாவது தெய்வச் செயல். மட்டாஞ்சேரி பஜாரிலிருந்து சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கு இச்சொல் புதிதல்ல.

சரக்குப் பத்திரத்தில் இருந்த சொல் இன்று ஆட்சியாளர் நாவிலும் ஏறிவிட்டது. 2020 ஆகஸ்ட் 27-ல், ஜி.எஸ்.டி. வசூல் குறைந்ததற்குக் கொரோனாவைக் காரணம் காட்டிய மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் இதையே கையாண்டார். நோய் மனிதன் அழைத்து வந்ததல்ல, ஒப்புக்கொள்வோம். ஆனால் மாநிலங்களுக்கு நஷ்ட ஈடு தருவதாக 2017-ல் சட்டம் இயற்றியது மனிதர்கள்தாமே!

அந்தப் பேச்சுக்கு மூன்று வாரம் முன்பு, ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. 66 உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தை குட்டிகளும். மழையைப் பெய்வித்தது வானம்தான். ஆனால் சரியும் மலைக்குக் கீழே லயங்களைக் கட்டியது யார்? இரவு நடந்த கோரம் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கு எட்டியது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போனதும் தெய்வச் செயலா?

1988 ஜூலை 8-ல் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் மாண்டபோதும், அதிகாரபூர்வ அறிக்கை சுழற்காற்றின் மேல்தான் பழி போட்டது. ஊர் மக்கள் அதை நம்பவில்லை.

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 93-வது பிரிவைப் பாருங்கள். சரக்கு சேதத்துக்கு ரயில்வே பொறுப்பேற்க வேண்டாத காரணங்களில் முதலாவது தெய்வச் செயல். ஆனால் அதைச் சொன்னால் மட்டும் போதாது. தக்க முன்யோசனையும் கவனமும் காட்டியதையும் ரயில்வேயே நிரூபிக்க வேண்டும்.

மிளகு மூட்டைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, தோட்டத் தொழிலாளியின் உயிருக்கு வேண்டாமா? ஒவ்வோர் ஆண்டும் இடவப்பாதிக்கு முன்பே மலைச்சரிவு லயங்களைப் பரிசோதித்து, ஆபத்தான இடத்தில் இருப்போரை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும். இதைச் செய்தோம் என்று காட்டிய பிறகு தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்கட்டும். அதுவரை அந்தச் சொல்லை நாம் ஏற்பதற்கில்லை.